லோரா மெஷ் நோடு பேசவில்லையா: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் மழை பெய்து, தாமிரபரணி இரு கரையும் புரண்டு ஓடியபோது, கைப்பேசிக் கோபுரங்கள் பல இடங்களில் மின்சாரமின்றி ஓய்ந்துபோயின. பாளையங்கோட்டையில் இருந்த எனக்கு, ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இருந்த அக்காள் வீட்டு நிலவரம் இரண்டு நாள் தெரியவில்லை. அதன் பிறகுதான் நண்பர்கள் சிலர் சேர்ந்து எங்கள் மொட்டைமாடிகளில் லோரா நோடுகளை, அதாவது குறைந்த ஆற்றலில் வெகுதூரம் பேசும் சிறு ரேடியோ பலகைகளை, வைக்கத் தொடங்கினோம். சிம் அட்டையும் இணையமும் இல்லாமல், ஒரு நோடு சொல்வதை அடுத்த நோடு கேட்டு மறுபடி ஒலிபரப்பி, குறுஞ்செய்தியைக் கைமாற்றிக் கொண்டுபோகும் ஏற்பாடு இது. நாங்கள் பயன்படுத்துவது மெஷ்டாஸ்டிக் என்னும் திறந்த மூல ஃபர்ம்வேர், அதாவது பலகைக்குள் ஏற்றி அதை இயக்கும் மென்பொருள். பலகைகளில் ஹெல்டெக் வி3, டி-பீம் ஆகியவை இஎஸ்பி32 என்னும் சில்லு வகையைச் சேர்ந்தவை. ராக் 4631 என்பது என்ஆர்எஃப்52 வகை. இந்த இரு வகைகளும் பல இடங்களில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும் என்பதால், கையில் இருப்பது எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு நோடு பேசவில்லை என்றதும் பெரும்பாலோர் தூரத்தைக் குறை சொல்லிவிட்டு, பெரிய ஆன்டெனா வாங்கப் புறப்பட்டுவிடுகிறார்கள். எங்கள் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தால், தூரம் உண்மையான காரணமாக இருந்த பழுதுகள் குறைவு. அமைப்பில் ஏதோ ஒன்று இரு பக்கமும் பொருந்தாமல் போனவையே அதிகம். ஆகையால் ஏணியை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பழுதான நோடையும், நன்றாக வேலை செய்யும் என்று உறுதியாகத் தெரிந்த இன்னொரு நோடையும் ஒரே வீட்டில் வெவ்வேறு அறைகளில் வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பிப் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே பேசாத நோடு மாடியில் ஏற்றினாலும் பேசாது. ஒரு நேரத்தில் ஒரே ஓர் அமைப்பை மட்டும் மாற்றி, மாற்றியதை எழுதிவைப்பதும் அவசியம்; இரண்டை ஒன்றாக மாற்றினால், எது குணப்படுத்தியது என்பது அடுத்த முறையும் தெரியாமலே போகும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஆன்டெனாவைத் திருகாமல் பலகைக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது. வெளியேற வழியில்லாத ஆற்றல் திரும்பி வந்து ரேடியோ சில்லைக் கெடுத்துவிடக்கூடும். அப்படிக் கெட்ட பலகை முற்றாகச் செத்தும் போகாது, அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு நம்மை வாரக்கணக்கில் அலைய வைக்கும்.

கணினியில் செருகினால் ஒன்றும் தெரியவில்லை

முதலில் கேபிளை மாற்றுங்கள். கைப்பேசியோடு வந்த கேபிள்களில் பல, சார்ஜ் மட்டும் ஏற்றுபவை. தரவுக் கம்பி அவற்றில் இருக்காது. அடுத்ததாக, இரு முனையும் டைப்-சி ஆக உள்ள கேபிளில் உயிர் பெறாத சில பலகைகள், ஒரு முனை பழைய யுஎஸ்பி வடிவில் உள்ள கேபிளில் உடனே எழுந்துகொள்ளும். விளக்கு எரிந்தும் கணினியில் மட்டும் பலகை தெரியவில்லை என்றால், யுஎஸ்பி-சீரியல் சில்லுக்கான டிரைவர் இல்லை என்று பொருள்; ஹெல்டெக் வி3 பலகையில் அது சிபி2102. என்ஆர்எஃப்52 பலகையாக இருந்தால் ரீசெட் பொத்தானை இருமுறை விரைந்து அழுத்தினால் பென்டிரைவ் போல ஒரு டிரைவ் கணினியில் தோன்ற வேண்டும். அது தோன்றிவிட்டால் பலகை நலமாக இருக்கிறது, பழுது ஃபர்ம்வேரில்தான்.

கைப்பேசி நோடைக் கண்டுபிடிக்கவில்லை

ஒரு நோடு ஒரு நேரத்தில் ஒரு கைப்பேசியோடுதான் புளூடூத்தில் பேசும். வீட்டில் தம்பியின் கைப்பேசி ஏற்கெனவே இணைந்திருந்தால் உங்களுடையது தேடிக்கொண்டே இருக்கும். அது இல்லையென்றால், கைப்பேசியின் புளூடூத் பட்டியலில் அந்த நோடின் பழைய இணைப்பை அழித்துவிட்டு மறுபடி இணையுங்கள். ஃபர்ம்வேரை முழுவதும் அழித்து ஏற்றிய பிறகு இதைச் செய்தே ஆக வேண்டும். திரை உள்ள பலகை, இணைப்பு எண்ணைத் திரையில் காட்டும். திரை இல்லாத பலகைக்கு வழக்கமாக 123456.

இஎஸ்பி32 பலகையில் வைஃபையை இயக்கினால் புளூடூத் அணைந்துவிடும். இதை அறியாமல் வைஃபையைத் தொட்டுவிட்டு, பலகை கெட்டுவிட்டதென்று திருப்பி அனுப்பத் துணிந்தவர் எங்கள் குழுவிலேயே உண்டு. அப்படி மாட்டிக்கொண்டால் யுஎஸ்பி வழியாக இணைந்து வைஃபையை நிறுத்தினால் போதும். மின்சேமிப்பு முறை இயங்கும்போதும் இதே அறிகுறி தெரியும்; அப்போது பலகையின் பொத்தானை ஒருமுறை அழுத்தி எழுப்பிவிட்டுத் தேட வேண்டும்.

நோடு இயங்குகிறது, ஆனால் பட்டியலில் ஒருவரும் வரவில்லை

இந்த அறிகுறியைத்தான் நாங்கள் அதிகம் சந்தித்திருக்கிறோம். காரணங்களை அவை நிகழும் வாய்ப்பின் வரிசையில் சொல்கிறேன்.

முதலாவது, ரீஜன், அதாவது எந்த நாட்டு அலைவரிசையில் பேசுவது என்ற அமைப்பு. புதிதாக ஃபர்ம்வேர் ஏற்றிய நோடில் ரீஜன் தேர்ந்தெடுக்கப்படாமல் இருக்கும். தேர்ந்தெடுக்கும் வரை அது ஒலிபரப்பாது. இங்கே தேர்ந்தெடுக்க வேண்டியது இந்தியா. இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைக்கு 2005-ஆம் ஆண்டின் விதிகள் உரிமத்திலிருந்து விலக்கு அளித்தன. 2021-இல் அது 868 வரை நீட்டிக்கப்பட்டது. மெஷ்டாஸ்டிக்கின் இந்திய அமைப்பு 865-867 எல்லைக்குள்ளேயே இயங்குகிறது. ஐரோப்பிய 868 அமைப்பைப் பெயரில் உள்ள எண்ணைப் பார்த்து ஏறத்தாழ நம்முடையதுதானே என்று தேர்ந்தெடுத்துவிடக் கூடாது. அது உண்மையில் 869.525 மெகாஹெர்ட்ஸில் பேசும். நமக்கு அனுமதிக்கப்பட்ட எல்லைக்கு அப்பால் அது இருக்கிறது என்பது ஒருபுறம் இருக்க, ஊரில் வேறு எவர் காதிலும் விழாது. புதிதாக வாங்கிய இரண்டு நோடுகள் ஒன்றோடொன்று அழகாகப் பேசிக்கொண்டு, மற்றவர்களை மட்டும் கண்டுகொள்ளாமல் இருந்தால், இரண்டிலும் இந்த அமைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை.

இரண்டாவது, முதன்மைச் சேனலின், அதாவது நோடுகள் பேசிக்கொள்ளும் முதல் குழுவின், பெயர். இதைப் பலரும் வெறும் பெயர் என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அந்தப் பெயரைக் கணக்கிட்டுத்தான் எந்த அலைவரிசைத் துண்டில் பேசுவது என்பதை நோடு முடிவு செய்கிறது. நோடு வழக்கமாகப் பேசும் லாங்ஃபாஸ்ட் முறையில் ஒவ்வொரு துண்டும் 250 கிலோஹெர்ட்ஸ் அகலம் கொண்டது. ஆகவே 865-867 எல்லைக்குள் எட்டுத் துண்டுகள் அடங்கும். பெயரை மாற்றாமல் விட்ட நோடு நான்காம் துண்டில், அதாவது 865.875 மெகாஹெர்ட்ஸில் நிற்கும். எங்களில் ஒருவர் தம் குடும்பத்துக்கென்று முதன்மைச் சேனலின் பெயரை மாற்றி, பொதுச் சேனலை இரண்டாவதாகச் சேர்த்துக்கொண்டார். இரண்டும் பட்டியலில் இருந்தன. ஆனால் வானொலி முதன்மைச் சேனலின் துண்டுக்கு நகர்ந்துவிட்டதால் பொதுச் சேனலில் ஒரு வார்த்தை வரவில்லை. அவர் ஆன்டெனாவை மூன்று முறை மாற்றிய பிறகே எங்களிடம் சொன்னார். தீர்வு எளிது: அலைவரிசைத் துண்டு என்ற இடத்தில் இருக்கும் 0-வை எடுத்துவிட்டு 4 என்று கையால் இட வேண்டும். பூஜ்யம் என்றால் பெயரைப் பார்த்து நீயே முடிவு செய் என்று நோடிடம் சொல்வதாக அர்த்தம்.

மூன்றாவது, மோடம் முறை, அதாவது பேசும் வேகத்தையும் எட்டும் தூரத்தையும் தீர்மானிக்கும் அமைப்பு. ஒருவர் லாங்ஃபாஸ்டிலும் மற்றவர் மீடியம்ஃபாஸ்டிலும் இருந்தால், பக்கத்து அறையில் இருந்தாலும் ஒருவர் பேசுவது மற்றவருக்கு இரைச்சல்தான். நான்காவது, செய்தியைப் பூட்டவும் திறக்கவும் உதவும் சேனலின் சாவி. பெயர் பொருந்தி, சாவி மட்டும் மாறியிருந்தால், நோடு சமிக்ஞையைப் பெறும், செய்தியைத் திறக்க முடியாது. சாவியைக் கையால் தட்டச்சு செய்வதைவிட, கியூஆர் குறியீட்டை நேரில் காட்டிப் பகிர்வது நல்லது. அப்போதும் ஒரு கவனம் வேண்டும்: வருடும் செயலி சேர்க்கவா, மாற்றவா என்று கேட்கும், மாற்று என்பதை அழுத்தினால் ஏற்கெனவே இருந்த சேனல்கள் எல்லாம் போய்விடும்.

இவை நான்கும் சரியாக இருந்தும் அமைதி நீடித்தால் மட்டுமே வன்பொருளைச் சந்தேகியுங்கள். 433 மெகாஹெர்ட்ஸுக்கென்று செய்த பலகையோ ஆன்டெனாவோ கையில் வந்திருக்கலாம். இரண்டுமே கடைகளில் ஒரே மாதிரிப் பெட்டியில்தான் வருகின்றன. 866 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 34.6 சென்டிமீட்டர் என்பதால், கால் அலை ஆன்டெனாவின் கம்பி 8.6 சென்டிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். பலகையில் பொத்தானைப் போல அழுத்திப் பொருத்தும் சிறு ஆன்டெனா இணைப்பி பாதி கழன்றிருப்பதும் வெளியே தெரியாது. ஆன்டெனாவைத் திருகும் எஸ்எம்ஏ இணைப்பியில் நடுவே ஊசி ஒரு பக்கமும் துளை மறுபக்கமும் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்; ரிவர்ஸ் வகை கலந்துவிட்டால் மரை நன்றாக ஏறும், உள்ளே தொடுகை மட்டும் இருக்காது.

டிக் விழுந்தது, ஆனால் அவருக்குச் செய்தி போகவில்லை

சேனலில் அனுப்பும் பொதுச் செய்திக்கு விழும் டிக் குறி, குறிப்பிட்ட ஒருவருக்குப் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை ஆகாது. அக்கம்பக்கத்தில் ஏதோ ஒரு நோடு அதைக் கேட்டு மறுபடி ஒலிபரப்பியதை உங்கள் நோடு கேட்டது என்பதுதான் அதன் பொருள். குறிப்பிட்ட ஒருவருக்குச் சேர்ந்ததா என்று தெரிய வேண்டுமானால், அவருக்கு நேரடிச் செய்தி அனுப்பி ஒப்புகை வருகிறதா என்று பாருங்கள்; வழியில் எந்த நோடுகள் கைமாற்றின என்பதை டிரேஸ்ரூட் காட்டிக்கொடுக்கும்.

அவர் பேசுவது உங்களுக்குக் கேட்கிறது, நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை என்பது வேறொரு நிலை. இரு பக்கமும் ஒரே பாதைதான். வேறுபடுவது ஒலிபரப்பும் வலிமையும் கேட்கும் இடத்தின் இரைச்சலும். அவர் தம் நோடை இன்வெர்ட்டரின் மேலோ, எல்இடி விளக்கு டிரைவரின் அருகிலோ வைத்திருந்தால் நீங்கள் எவ்வளவு கத்தினாலும் அவர் காதில் ஏறாது. எஸ்என்ஆர் என்னும் எண்ணைப் பாருங்கள்; இரைச்சலோடு ஒப்பிட்டால் சமிக்ஞை எவ்வளவு வலுவானது என்பதை அது சொல்லும். லாங்ஃபாஸ்ட் முறை ஏறத்தாழ -17.5 டெசிபெல் வரை இரைச்சலுக்கு அடியில் புதைந்த சமிக்ஞையையும் தோண்டி எடுத்துவிடும்; எண் -15, -16 என்று நின்றால் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. அப்படிப்பட்ட இணைப்பை நம்பி அவசரத் திட்டம் எதையும் போட வேண்டாம்.

தூரம் உண்மையிலேயே காரணமாக இருக்கிறதா என்று இந்த இடத்தில்தான் யோசிக்க வேண்டும். நெல்லைச் சீமையின் சமவெளியில் வயலும் குளமுமாகப் பார்வை தடையின்றிப் போவதால், பத்து கிலோமீட்டர் எளிதாக எட்டும் என்று தோன்றும். ஆனால் ரேடியோ அலைக்குக் கண்ணுக்குத் தெரியும் நேர்கோடு மட்டும் போதாது. அந்தக் கோட்டைச் சுற்றிலும், நடுவில் பருத்து முனைகளில் குறுகும் ஓர் இடைவெளி திறந்திருக்க வேண்டும். 866 மெகாஹெர்ட்ஸில் பத்து கிலோமீட்டர் பாதையின் நடுவில் அந்த இடைவெளியின் ஆரம் ஏறத்தாழ 29 மீட்டர். அதில் அறுபது சதவீதம், அதாவது 17 மீட்டருக்கும் மேல், தடையின்றி இருந்தால் நல்லது. நடுவில் ஒரு தென்னந்தோப்பு வந்தாலே கணக்கு கெட்டுவிடும். இரண்டு மாடி வீட்டின் மேல் மூன்று மீட்டர் குழாய் நட்டு, அதன் நுனியில் சாதாரண ஆன்டெனா வைப்பது, தரைத்தளத்து ஜன்னலில் விலை உயர்ந்த ஆன்டெனா வைப்பதைவிடப் பல மடங்கு பலன் தரும். பனை உச்சியில் கட்டினால் என்ன என்று கேட்காதவர் இங்கே இல்லை. உயரம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆடிக் காற்றில் ஓலை அடிக்கும் அடியையும், பழுதென்றால் ஒவ்வொரு முறையும் மரமேற ஆள் தேட வேண்டியதையும் நினைத்து நாங்கள் விட்டுவிட்டோம். மேற்கே மலை மீது ஒன்று வைத்தால் மாவட்டமே கேட்கும் என்பதும் உண்மைதான். ஆனால் அங்கே பெரும்பகுதி களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறையின் அனுமதியின்றி அங்கே எதையும் வைக்க நினைக்கக் கூடாது.

ஆன்டெனாவை உயரத்தில் வைத்துவிட்டு நோடைக் கீழே அறையில் வைத்து, நீளமாகக் கேபிள் இழுப்பவர்களும் உண்டு. மெல்லிய ஆர்ஜி58 கேபிள் இந்த அலைவரிசையில் மீட்டருக்கு ஏறத்தாழ அரை டெசிபெல் தின்றுவிடும். பத்து மீட்டர் இழுத்தால் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு கேபிளுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. நோடையே நீர்புகாப் பெட்டியில் வைத்து ஆன்டெனாவின் அடியில் கட்டிவிட்டு, கைப்பேசிக்கு வீட்டுக்குள் இன்னொரு நோடு வைத்துக்கொள்வது மேல்.

புதிய நோடு ஒன்று சேர்ந்த பிறகு எல்லாருக்கும் செய்தி குறைந்துவிட்டது

இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று. புதிதாகச் சேர்ந்த ஓர் அன்பர், நல்லெண்ணத்தோடுதான், தம் வீட்டு நோடின் ரோலை, அதாவது செய்தியைக் கைமாற்றுவதில் அதன் பங்கை, ரூட்டர் என்று மாற்றியிருந்தார். பெயரைப் பார்த்தால் அது உதவி செய்யும் ரோல் போலத்தான் தோன்றுகிறது.

நடப்பது இதுதான். ஒரு செய்தியைக் கேட்ட சாதாரண கிளையன்ட் நோடுகள் உடனே திருப்பிச் சொல்லாமல் சற்றுக் காத்திருக்கும். சமிக்ஞை பலவீனமாகக் கேட்ட நோடு, அதாவது தொலைவில் இருக்க வாய்ப்புள்ள நோடு, குறைவாகக் காத்திருந்து முந்திக்கொள்ளும். அது சொல்லக் கேட்ட மற்றவை தாம் சொல்லாமல் விட்டுவிடும். இதனால் செய்தி ஒவ்வொரு தாவலிலும், அதாவது ஒரு நோடிலிருந்து அடுத்த நோடுக்கு மாறும் ஒவ்வொரு முறையும், வெகுதூரம் போகிறது. ரூட்டரோ வரிசையில் எல்லாருக்கும் முன்னால் நின்று கட்டாயம் பேசும். உயரமான இடத்தில் இருந்தால் அது சரி. நான்கு பக்கமும் கான்கிரீட் சூழ்ந்த தரைத்தளத்தில் இருந்துகொண்டு அது முந்திப் பேசினால், நன்றாக எட்டக்கூடிய மாடி நோடு அதைக் கேட்டு வாயை மூடிக்கொள்ளும். செய்தி அடுத்த தெருவைத் தாண்டுவதற்குள் ஒரு தாவல் வீணாகிவிடும். வழக்கமாக அனுமதிக்கப்படும் தாவல்கள் மூன்றே. ஏழு வரை கூட்டலாம் என்பதால் உடனே ஏழாக்கிவிடுவது தீர்வாகாது. ஒவ்வொரு செய்தியும் ஊரெல்லாம் எதிரொலித்து வான்வெளி நிரம்பிவிடும்.

ஆகவே வீட்டு நோடுகள் கிளையன்ட் ரோலிலேயே இருக்கட்டும். ஒரே வீட்டில் மாடியில் ஒன்றும் கையில் ஒன்றும் வைத்திருப்பவர்கள், கையில் இருப்பதை கிளையன்ட் மியூட் ஆக்கிவிடலாம். அது பேசும், கேட்கும், மற்றவர் செய்தியைத் திருப்பிச் சொல்லாது. சுற்றிலும் உள்ள எந்த இடத்தைவிடவும் உயரமான, எல்லாருக்கும் தெரிகிற ஓரிடத்துக்கு மட்டுமே ரூட்டர் பொருந்தும், அதுவும் குழுவில் பேசி முடிவு செய்த பிறகு.

சேனல் பயன்பாடு என்று செயலி காட்டும் சதவீதத்தையும் கவனித்து வாருங்கள். 25-ஐத் தாண்டினால் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்று மோதத் தொடங்கிவிட்டன என்று கொள்ளலாம். லாங்ஃபாஸ்ட் நொடிக்கு ஒரு கிலோபிட்டுக்குச் சற்று மேல் மட்டுமே சுமக்கும் ஒற்றையடிப் பாதை. நகராத மாடி நோடு தன் இருப்பிடத்தை நிமிடத்துக்கு ஒருமுறை அறிவிக்க வேண்டியதில்லை. இருப்பிடத்தைக் கையால் நிலையாக இட்டுவிட்டு, ஜிபிஎஸ்ஸை அணைத்து, அறிவிப்பைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வைத்தால் போதும்.

தமிழில் எழுதினால் பாதிதான் போகிறது, திரையில் கோணல் குறிகள் வருகின்றன

இது பழுதல்ல, அளவுப் பிரச்சினை. ஒரு செய்திக்குச் செயலி அனுமதிப்பது ஏறத்தாழ 200 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும், புள்ளிக்கும் கொம்புக்கும் காலுக்கும் தனித்தனியாக மும்மூன்று. ‘வெள்ளம் வருகிறது’ என்ற இரண்டு சொற்களுக்கே 46 பைட் ஆகிறது. எனவே தமிழில் நான்கைந்து சொற்களுக்குள் சொல்லி முடிப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். எங்கள் குழுவில் அடிக்கடி தேவைப்படும் செய்திகளைச் சுருக்கி, ஒரு தாளில் எழுதி, எல்லார் வீட்டிலும் ஒட்டிவைத்திருக்கிறோம்.

நோடின் குறும்பெயருக்கு நான்கு பைட் மட்டுமே இடம். ‘பாளை’ என்று தமிழில் வைக்க முடியாது, 12 பைட் ஆகிவிடும். ‘ப’ என்ற ஒற்றை எழுத்து மட்டும் ஏறும். பலகையின் சிறு திரையில் தமிழ் எழுத்துரு இல்லாததால் தமிழ்ச் செய்தி அங்கே தெரியாது, கைப்பேசியில் சரியாகத் தெரியும். திரையை மட்டும் நம்பி, கைப்பேசி இல்லாமல் இருக்கப்போகிற பெரியவர்களுக்கு ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அனுப்புவதுதான் இப்போதைக்கு வழி. எனக்கு இதில் மனமில்லை என்றாலும் வேறு வழி தெரியவில்லை.

அப்டேட் செய்த பிறகு நேரடிச் செய்தி மட்டும் போகவில்லை

சேனல் செய்திகள் வழக்கம்போலப் போகும், ஒருவருக்கு மட்டும் அனுப்புவது தோற்கும். இந்த அறிகுறி வந்தால், ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும்போது பழையதை முழுவதும் அழித்து ஏற்றினீர்களா என்று யோசியுங்கள். 2.5 பதிப்பு முதல் நேரடிச் செய்திகள் ஒவ்வொரு நோடுக்கும் உரிய சாவி இணையால் (மற்றவர்களுக்குக் கொடுக்கும் பொதுச்சாவி, தன்னிடமே வைத்திருக்கும் தனிச்சாவி) பூட்டப்படுகின்றன. அழித்து ஏற்றினால் உங்கள் நோடு புதிய சாவி இணையை உருவாக்கிக்கொள்ளும். மற்றவர்கள் கையில் இருப்பதோ பழைய பொதுச்சாவி. பூட்டை மாற்றிய வீட்டுக்காரர் பக்கத்து வீட்டில் புதுச் சாவியைக் கொடுக்காத கதைதான். மற்றவர்கள் தங்கள் பட்டியலிலிருந்து உங்கள் நோடை நீக்கிவிட்டு, அது மறுபடி தன்னை அறிவிக்கும் வரை காத்திருந்தால் சரியாகிவிடும். பழைய தனிச்சாவியைச் சேமித்து வைத்திருந்தால் அதைத் திரும்ப இடுவது இன்னும் எளிது. யாரையும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

ஆகவே அப்டேட் செய்யும் முறையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். முதலில் செயலியில் உள்ள ஏற்றுமதி வசதியால் அமைப்பு முழுவதையும் சாவிகளோடு கோப்பாகச் சேமியுங்கள். அடுத்து, பலகையின் சரியான பெயரைப் பாருங்கள். ஹெல்டெக் என்ற ஒரே பெயரில் பல பலகைகள் உண்டு, ஒன்றுக்கானதை மற்றொன்றில் ஏற்றினால் திரை கறுத்து நிற்கும். பதிப்புப் பட்டியலில் பீட்டா என்று குறித்திருப்பதைக் கண்டு தயங்க வேண்டாம். இந்தத் திட்டத்தில் நிலையான பதிப்புக்கே அந்தப் பெயர். ஆல்ஃபா என்றிருப்பதைத்தான் மாடி நோடில் ஏற்றக் கூடாது.

இஎஸ்பி32 பலகைகளைக் குரோம் அல்லது எட்ஜ் உலாவியில் திறக்கும் வலை ஃபிளாஷர் வழியாகப் புதுப்பிக்கலாம். இணைப்பு ஏற்படவில்லை என்றால் பூட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரீசெட்டைத் தட்டிவிட்டு, பிறகு பூட்டை விடுங்கள். அமைப்பு நிலைக்க வேண்டுமானால் அப்டேட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மிகப் பழைய பதிப்பிலிருந்து தாவும்போதோ, நோடு ஓயாமல் தானாக மறுதொடக்கம் ஆகிக்கொண்டிருக்கும்போதோ மட்டும் முழுவதும் அழித்து ஏற்றுங்கள். என்ஆர்எஃப்52 பலகையில், இருமுறை ரீசெட் அழுத்தித் தோன்றும் டிரைவில் ஃபர்ம்வேரின் யுஎஃப்2 கோப்பைப் போட்டால் போதும். கோப்பு ஏறியதும் டிரைவ் தானாக மறைந்துவிடும். முறைப்படி வெளியேற்றவில்லை என்று கணினி கோபித்துக்கொள்வதைப் பொருட்படுத்த வேண்டாம். புளூடூத் வழியாகவும் ஃபர்ம்வேர் ஏற்றலாம், ஆனால் பாதியில் இணைப்பு அறுந்தால் ஏணி எடுக்க வேண்டியிருக்கும் என்பதால் நான் யுஎஸ்பி கேபிளையே நம்புகிறேன்.

கடையிலிருந்து வந்த புதுப் பலகையில் ஃபர்ம்வேர் ஏற்கெனவே இருந்தாலும், அழித்துவிட்டு நாமே ஏற்றுவது நல்லது. தயாரிப்பு நிலையில் ஒரே படிவத்தைப் பல பலகைகளில் நகலெடுத்ததால் சாவிகளும் நகலாகிவிட்ட குறை 2025-இல் வெளிப்பட்டது. 2.6.11 பதிப்பில் அதற்குப் பரிகாரம் செய்யப்பட்டது. அதற்கு முந்தையதை வைத்திருக்கக் காரணமில்லை.

லோரா அலை வழியாக ஃபர்ம்வேரை அனுப்ப முடியாது. ஆனால் நிர்வாகச் சாவியை முன்பே இட்டுவைத்திருந்தால், எட்டாத உயரத்தில் இருக்கும் நோடின் அமைப்புகளைக் கீழே இருந்தபடியே மாற்றலாம். இதில் வரிசை முக்கியம். குழு முழுவதும் மோடம் முறையையோ துண்டையோ மாற்றுவதாக இருந்தால், மிகத் தொலைவில் உள்ள நோடை முதலில் மாற்றிவிட்டு, படிப்படியாக நம்மை நோக்கி வர வேண்டும். நம் கையில் இருப்பதை முதலில் மாற்றிவிட்டால், தொலைவில் உள்ளவற்றோடு பேச ஆளே இருக்காது. ஃபர்ம்வேருக்கு இந்த வரிசை நேர்மாறானது: மேசை மேல் உள்ளதில் ஏற்றி ஒரு வாரம் பார்த்துவிட்டு, கடைசியில்தான் மாடிக்குப் போக வேண்டும்.

மழைக்காலத்தில் நின்றுவிடுகிறது

‘அண்ணாச்சி, மழை பெஞ்சா சிக்னல் வராதுல்லா?’ என்று ஐப்பசி பிறந்ததும் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். இந்த அலைவரிசையில் மழைத்துளி தடுப்பது மிகச் சொற்பம். கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. நனைந்த இலைகள் ஓரளவு தடுக்கும். உண்மையான குற்றவாளி பெரும்பாலும் ஆன்டெனா இணைப்பிக்குள் இறங்கிய நீர். ஆனி, ஆடியில் மேற்கே கணவாய் வழியாக வரும் காற்று குழாயை ஆட்டி ஆட்டி மரையைத் தளர்த்திவிடும்; அப்போது ஒன்றும் தெரியாது, வடகிழக்குப் பருவமழை வந்ததும் அந்த இடைவெளியில் நீர் புகும். ஆகவே ஆவணியிலேயே ஒருமுறை ஏறி, மரையை இறுக்கி, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றிவிடுங்கள். பெட்டியின் அடியில் சிறு துளை ஒன்று இருக்க வேண்டும். வியர்க்கும் நீர் வெளியேறவும் வழி வேண்டும் அல்லவா. அந்தத் துளையில் சல்லடை வைக்காவிட்டால் எறும்பு குடியேறும். பாபநாசம் பக்கத்தில் குரங்குகள் வேறு; வளையக்கூடிய ஆன்டெனா அங்கே ஒரு வாரம் தாங்காது.

விடியற்காலையில் மட்டும் நோடு மறைந்து, வெயில் ஏறியதும் திரும்பி வந்தால், பேட்டரி இரவைத் தாண்டவில்லை. இஎஸ்பி32 பலகை சராசரியாக 100 மில்லி ஆம்பியர் அளவில் உறிஞ்சும் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 2,400 மில்லி ஆம்பியர்-மணி. 18650 என்னும் லித்தியம்-அயன் செல் ஒன்று ஒரு நாளைத் தாண்டுவதே கடினம். என்ஆர்எஃப்52 பலகைக்கு அதில் பத்தில் ஒரு பங்கு அளவே போதும் என்பதால், அதே செல் ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும். மூன்று நான்கு நாள் சூரியன் தலைகாட்டாத கார்த்திகையில் இந்த வேறுபாடுதான் நோடைக் காப்பாற்றுகிறது. மாடிக்கு என்ஆர்எஃப்52, வீட்டுக்குள் இஎஸ்பி32 என்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. பேட்டரி அடியோடு வற்றி, சோலார் தகடு காலையில் மெல்ல மெல்ல மின்னழுத்தம் ஏற்றும்போது, பலகை எழ முயன்று விழுந்து, மறுபடி முயன்று, அப்படியே மாட்டிக்கொள்வதும் உண்டு. அதற்கு ரீசெட் ஒன்றே மருந்து. கோடையில் நேர்மாறான தொல்லை: வெயிலில் மூடிய பெட்டிக்குள் சூடு எளிதாக 60 டிகிரியை எட்டும், லித்தியம்-அயன் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வது அதன் ஆயுளைக் குறைக்கும். பெட்டியை வெள்ளை நிறமாக்கி, சோலார் தகட்டின் நிழலிலேயே கட்டிவிடுங்கள்.

சிறு தொல்லைகள் சில

செய்திகளின் நேரம் 1970 என்று காட்டினால், நோடுக்கு மணி தெரியவில்லை. கைப்பேசியை ஒருமுறை இணைத்தால் கற்றுக்கொள்ளும். ஜிபிஎஸ் இடம் பிடிக்கவில்லை என்றால் முதல் முறை திறந்த வெளியில் கால் மணி நேரமாவது வைத்துப் பாருங்கள். பட்டியலில் திடீரென்று ஊர் பேர் தெரியாத வெளிநாட்டு நோடுகள் குவிந்தால், யாரோ ஒருவர், நோடுகளை இணையம் வழியாக இணைக்கும் எம்க்யூடிடி வசதியில், இணையச் செய்திகளைப் பொதுச் சேனலுக்கு இறக்கும் அமைப்பை இயக்கிவிட்டிருக்கிறார். இணையத்திலிருந்து வரும் அந்தச் செய்திகள் நம் ஒற்றையடிப் பாதையை அடைத்துவிடும். அவர் யாரென்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்லுங்கள், அதுவரை லோரா அமைப்பில் எம்க்யூடிடி செய்திகளைப் புறக்கணிக்கும் பொத்தானை இயக்கிக்கொள்ளுங்கள்.